கும்மித் திடலின் வெளிச்சம்: இருட்டு மேடையில் ஆட்டத்தைப் படம்பிடிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடி வட்டமாக ஆடும் வள்ளி கும்மியின் அரங்கேற்றம் முடிந்த மறுநாள் காலையில் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வந்து குவியும். நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் வட்டமாக நிற்கும் படம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் எடுத்தது அது. ஆடும்போது எடுத்தவற்றில்தான் சிக்கல். கைகள் கரைந்திருக்கும். முகம் ஊதாவாகவோ மஞ்சளாகவோ வழிந்திருக்கும். சில படங்களின் குறுக்கே இருட்டுப் பட்டைகள் ஓடியிருக்கும். "இத்தனை லைட்டு போட்டும் இப்படித்தான் வருதுங்க" என்று விழாக் குழுவில் யாராவது வருத்தப்படுவார்கள். விலை கூடின கேமரா வாங்கினால் சரியாகிவிடும் என்று இன்னொருவர் சொல்வார்.

விலை கூடின கேமரா கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் பக்கம் இன்று ஆட்டம் நடக்கும் இடங்களையும் அங்கே கட்டப்படும் விளக்குகளையும் பார்த்தால், கெடுதல் நடக்கும் இடங்கள் பல என்று தெரியும். வெளிச்சம் குறைவு என்பது ஒரு காரணம். வெளிச்சத்தின் குணமே மாறிவிட்டது என்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பெரியது, படம் எடுப்பவருக்கு ஆட்டம் தெரியாமல் இருப்பது. பணம் செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது இந்த மூன்றாவதுதான் என்பதால் அதைப் பற்றியே அதிகம் பேச விரும்புகிறேன். ஆனால் முதல் இரண்டைப் புரிந்துகொள்ளாமல் அங்கே போக முடியாது.

முதலில் வெளிச்சத்தின் அளவு. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நடுப்பகல் வெயிலில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் ஒளி கிடைக்கிறது. விளக்குகள் ஒழுங்காக அமைந்த ஒரு சபா மேடையின் நடுவில் 300 லக்ஸ் இருந்தால் நல்ல வெளிச்சம். கோயில் திடலில் இரண்டு கம்பங்களில் ஃபோகஸ் லைட் கட்டி நடத்தும் கும்மியில், விளக்கைவிட்டுத் தள்ளி ஆடுபவர் மேல் 40 லக்ஸ் விழுந்தாலே அதிகம். நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் உறைப்பதில்லை, கண் பழகிக்கொள்கிறது. கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. வெயிலுக்கும் அந்தத் திடலுக்கும் இடையே 2,500 மடங்கு வித்தியாசம், அதை எங்கிருந்தாவது ஈடுகட்டியாக வேண்டும்.

கணக்காகவே பார்ப்போம். எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அதிகம் திறக்கிறது என்று பொருள். ஐஎஸ்ஓ என்பது கிடைத்த ஒளியைக் கேமரா பெருக்கிக் காட்டும் அளவு, ஷட்டர் வேகம் என்பது ஒளி உள்ளே விழும் நேரம். 40 லக்ஸில், எஃப் 2.8 அளவு திறக்கும் லென்ஸும் 6400 ஐஎஸ்ஓவும் வைத்தால் ஷட்டர் வேகம் நொடியில் 125-இல் ஒரு பங்கு கிடைக்கும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் அது எஃப் 5.6 வரைதான் திறக்கும், அதாவது நான்கில் ஒரு பங்கு ஒளி. ஷட்டர் 30-இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கும்மியில் தட்டி விரியும் கை நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-இல் ஒரு பங்கு நொடிக்குள் அது பத்து சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். 125-இல் ஒரு பங்கில் 2.4 சென்டிமீட்டர். 500-இல் ஒரு பங்கில்தான் ஆறு மில்லிமீட்டராகக் குறையும். கை கரைந்த படங்களுக்கு இதுதான் காரணம். லென்ஸில் இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதி இதற்கு உதவாது. அது நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், ஆடுபவரை நிறுத்தாது.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் மணல் தூவியது போல வரும் நாய்ஸ் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஐஎஸ்ஓதான் நாய்ஸை உண்டாக்குகிறது என்று நினைத்துப் பலர் அதை ஏற்றவே பயப்படுகிறார்கள். ஒளி துகள் துகளாகத்தான் வந்து விழுகிறது. வரும் துகள்கள் குறைவாக இருந்தால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் விழும் எண்ணிக்கை ஏறுக்குமாறாக இருக்கும். அந்த ஏறுக்குமாறுதான் நாய்ஸில் பெரும்பங்கு. நான்கு மடங்கு ஒளி கிடைத்தால் படம் இரண்டு மடங்கு தெளியும். ஆகவே ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் வெளுக்க வைப்பதால் லாபம் எதுவும் இல்லை. பல கேமராக்களில் அது நஷ்டம்தான். தயங்காமல் 6400 வையுங்கள், தேவைப்பட்டால் 12800-ம் வையுங்கள். நாய்ஸ் உள்ள படத்தில் ஆடுபவரின் விரல் தெரியும், கரைந்த படத்தில் தெரியாது.

இந்தத் தைரியம் நமக்குக் கிடைத்தே இருபது ஆண்டுகள் ஆகவில்லை. ஃபிலிம் காலத்தில் மேடை நடனம் எடுத்தவர்கள் 400 வேக ஃபிலிமை 1600 என்று கணக்கு வைத்து எடுத்து, டார்க் ரூமில் கூடுதல் நேரம் கழுவி ஒப்பேற்றினார்கள். கறுப்பு வெள்ளையில் அது நடந்தது, வண்ணத்தில் பெரும்பாடு. 2007-இல் வந்த நிக்கான் டி3 கேமரா 6400 ஐஎஸ்ஓவைச் சாதாரணமாகப் பயன்படுத்தும் ஒன்றாக ஆக்கியது. இன்று அதைவிட மலிவான கேமராக்கள் அந்த வேலையைச் செய்கின்றன. எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாண ஃபோட்டோகிராஃபர்கள் வைத்திருக்கும் கேமரா எதுவும் இதற்குப் போதும். லென்ஸில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் மற்ற பல லென்ஸ்களைவிட மலிவு. அது கிட் லென்ஸின் எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும்.

சரி, கும்மித் திடலுக்கே வருவோம். அங்கே வெளிச்சம் குறைவு என்பதைவிட, வெளிச்சம் ஒரு சீராக இல்லை என்பதுதான் பெரிய தொல்லை. விளக்கிலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். விளக்குக் கம்பத்திலிருந்து ஐந்து மீட்டரில் ஒரு பெண் ஆடுகிறார், வட்டத்தின் மறுபக்கம் இருபது மீட்டரில் இன்னொருவர் ஆடுகிறார் என்றால், இவர் மேல் விழுவதில் பதினாறில் ஒரு பங்குதான் அவர் மேல் விழும். இருவரையும் ஒரே படத்தில் சரியாகக் காட்ட எந்தக் கேமராவாலும் எளிதில் முடியாது. பக்கத்தில் இருப்பவர் வெளுத்துப் போவார், தூரத்தில் இருப்பவர் நிழலாகிப் போவார்.

ஆனால் கும்மியில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. விளக்கு நிற்கிறது, வட்டம் நகர்கிறது. ஆடும் ஒவ்வொருவரும் எப்படியும் நல்ல வெளிச்சத்தைக் கடந்துதான் போயாக வேண்டும். ஆகவே வட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். விளக்கு முகத்தின் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த வெளிச்சத்துக்கு மேனுவலில் அளவு (ஷட்டர், எஃப் எண், ஐஎஸ்ஓ) வைத்துவிட்டு, அங்கேயே நில்லுங்கள். கேமராவின் தானியங்கி அளவை நம்பினால், வெள்ளைச் சேலை வரும்போது படம் இருண்டும், பின்னால் இருட்டு தெரியும்போது வெளுத்தும் மாறி மாறி வரும். ஒரே இடம், ஒரே அளவு என்றால் வட்டம் ஒரு சுற்று வருவதற்குள் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் உங்கள் லென்ஸ் முன்னால் வந்து போவார்கள்.

விளக்குகள் உயரத்தில் இருப்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குனிந்து தட்டும்போது முகம் முழுவதும் நிழலில் போய்விடும், கண்கள் இரண்டு கறுப்புக் குழிகளாக வரும். நிமிரும்போதுதான் ஒளி முகத்தில் விழுகிறது. குனிந்து நிமிர்வது பாட்டின் நடைக்குக் கட்டுப்பட்டது என்பதால் எப்போது நிமிர்வார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். இங்கேதான் ஆட்டம் தெரிந்திருப்பதன் பலன் தொடங்குகிறது.

எந்த ஆட்டத்திலும் உடம்பு ஒரே வேகத்தில் அசைவதில்லை. கை ஒரு திசையில் போய் மறு திசைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு கணம் அதன் வேகம் பூச்சியம் ஆகிறது. கும்மியில் இரு கையும் சேர்ந்து தட்டும் கணம் அப்படிப்பட்டது. கைகள் முழுக்க விரிந்து மீண்டும் உள்ளே வரத் தொடங்கும் கணமும் அப்படித்தான். ஒயிலாட்டத்தில் துணியை வீசிக் கை மேலே போய் நிற்கும் முனை, கால் முன்னே வைத்து உடம்பு பின்னே சாயும் முனை, எல்லாமே இத்தகைய நிற்புகள். குதிப்பிலும் இதே கதை. முப்பது சென்டிமீட்டர் உயரம் குதிப்பவர் ஏறக்குறைய அரை நொடி காற்றில் இருக்கிறார். அந்த நேரத்தில் சரிபாதி, உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிகிறது. உச்சியில் அவர் மிதப்பது போலத் தோன்றுவது பிரமை இல்லை, கணக்கே அப்படித்தான் இருக்கிறது. காலில் பெரிய சலங்கை கட்டி ஆடும் பெருஞ்சலங்கையாட்டத்தை எடுக்கும்போது இந்த உச்சியைப் பிடித்தால் 125-இல் ஒரு பங்கு நொடியிலேயே முகமும் தோளும் கூர்மையாக நிற்கும், சலங்கை மட்டும் லேசாகக் கரைந்து ஆட்டத்தின் வேகத்தைச் சொல்லும். 500-இல் ஒரு பங்கு வைத்து எல்லாவற்றையும் உறைய வைத்த படத்தைவிட எனக்கு அதுவே பிடிக்கும்.

"நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமரா இருக்கிறதே, அழுத்திப் பிடித்தால் ஏதாவது ஒன்று சரியாக வராதா?" என்று கேட்பார்கள். பத்துப் படம் என்றால் படத்துக்குப் படம் பத்தில் ஒரு பங்கு நொடி இடைவெளி. அதற்குள் நொடிக்கு மூன்று மீட்டர் போகும் கை முப்பது சென்டிமீட்டர் போய்விடும். தட்டும் கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் நழுவிப் போவதற்கே வாய்ப்பு அதிகம். கண்ணால் பார்த்தபிறகு அழுத்துவதும் பலிக்காது, பார்த்து விரல் அசைவதற்குள் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காதால்தான் எடுக்க வேண்டும். பாட்டின் காலப்பிரமாணம் உள்ளே ஏறிவிட்டால் விரல் தானாக அடியோடு சேர்ந்து அழுத்தும்.

இதற்காகத்தான் ஒத்திகைக்குப் போகச் சொல்கிறேன். வள்ளி கும்மி பயிற்சி பெரும்பாலும் ஊர்க் கோயில் முன்போ பள்ளி மைதானத்திலோ மாலை வேளையில் பல நாட்கள் நடக்கும். வாத்தியார் பாட, பெண்கள் அடவு பழகுவார்கள். முருகன் வள்ளியை மணந்த கதை பாட்டுப் பாட்டாக நகரும், பாட்டுக்குப் பாட்டு அடியும் நடையும் மாறும். எந்தப் பாட்டில் வேகம் ஏறும், எதில் வட்டம் உள்நோக்கிச் சுருங்கும், எதில் ஆடுபவர்கள் வெளியே திரும்பி நிற்பார்கள் என்பதெல்லாம் ஒத்திகையில் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். வாத்தியாரிடம் கேட்டால் ஆர்வமாகச் சொல்வார்கள். "வெளிய திரும்பி ஆடறது கடைசிப் பாட்டுலதானுங்க, அப்ப அந்தப் பக்கம் நில்லுங்க" என்று இடத்தைக்கூடக் காட்டிவிடுவார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த எம். பத்திரப்பனுக்கு 2024-இல் வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆண்கள் ஆடிவந்த இந்தக் கலையைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் என்பது அந்தச் சிறப்புக்கு ஒரு காரணம். இன்று ஊர் ஊராகப் பெண்களும் குழந்தைகளும் ஆடுகிறார்கள். ஆட்டம் இவ்வளவு பெருகியிருக்கும்போது அதன் படங்கள் கரைந்தும் வெளுத்தும் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பரதநாட்டியத்தில் இந்த நிற்புகள் இன்னும் தெளிவானவை. ஜதி எனும் தாளச் சொற்கட்டை முடித்துவைக்கும் தீர்மானம் என்ற பகுதி பெரும்பாலும் மூன்று முறை வரும், மூன்றாவது முடியும் இடத்தில் ஆடுபவர் ஒரு நிலையில் நிற்பார். முதல் இரண்டு முறையும் உங்களுக்கு முன்னறிவிப்பு. எந்த நிலையில் நிற்கப் போகிறார், கை எந்தப் பக்கம் நீளும் என்று பார்த்துக்கொண்டு, கை நீளும் பக்கம் படத்தில் இடம் விட்டுக் காத்திருக்கலாம். கோவை ஆர்.எஸ்.புரத்துக் கிக்கானி பள்ளி அரங்கமோ, பாப்பநாயக்கன்பாளையத்து நானி கலையரங்கமோ, சிவராத்திரி இரவில் பேரூர்க் கோயிலில் நடக்கும் நாட்டியாஞ்சலியோ, இடம் எதுவானாலும் தாளம் மாறுவதில்லை. அபிநயப் பகுதியில் கதை வேறு. அங்கே கண்தான் எல்லாம், அசைவு மெதுவானது, 160-இல் ஒரு பங்கு நொடி தாராளமாகப் போதும். அந்த நேரத்தில் ஐஎஸ்ஓவை இறக்கிக்கொள்ளலாம்.

இனி வெளிச்சத்தின் குணம். பழைய மேடைகளில் ஹாலஜன் லைட்டுகள் இருந்தன. சூடு அதிகம், மின்சாரம் அதிகம் தின்னும், ஆனால் ஒளி மஞ்சள் கலந்த முழு நிறமாலையாக இருக்கும். கேமராவில் வொயிட் பேலன்ஸை, அதாவது எந்த நிற ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பை, 3200 கெல்வினில் வைத்தால் தோல் நிறம் தோல் நிறமாகவே வரும். இன்று எல்லா இடத்திலும் எல்இடி. அதில் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன: ஒன்று துடிப்பு, மற்றொன்று நிறம்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுமாரான எல்இடி ஃபோகஸ் லைட்டுகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கேமராவின் எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. பல கேமராக்களில் முழுப் படத்தையும் படித்து முடிக்க 15-இல் ஒரு பங்கு முதல் 30-இல் ஒரு பங்கு நொடி வரை ஆகும். அதற்குள் விளக்கு பலமுறை மங்கிவிடுவதால் படத்தின் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழுகின்றன. ஃபோனில் எடுத்த கும்மிப் படங்களில் தெரியும் பட்டைகள் இவைதான். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் 250-இல் ஒரு பங்கைவிட வேகமாகப் போனால் அதிலும் லேசாகத் தலைகாட்டும். சரியாக 100-இல் ஒரு பங்கோ 50-இல் ஒரு பங்கோ வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்புகளின் வெளிச்சம் கிடைத்துவிடும், பட்டை வராது. ஆனால் அந்த வேகத்தில் கை கரையும். மறுபடி அந்த நிற்புக் கணத்துக்குத்தான் வந்து சேருகிறோம். 100-இல் ஒரு பங்கில், தட்டும் கணத்தைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு மட்டமான விளக்கிலும் படம் கிடைக்கும். சில கேமராக்களில் விளக்கின் துடிப்பைக் கண்டுபிடித்து அது உச்சியில் இருக்கும்போது மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதி இருக்கிறது. மெனுவில் தேடிப் பாருங்கள், பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஆட்டம் தொடங்கும் முன் மேடையின் வெள்ளைத் துணியை எலக்ட்ரானிக் ஷட்டரில் 1000-இல் ஒரு பங்கு நொடிக்கு ஒரு படம் எடுத்தால் விளக்கின் லட்சணம் அப்போதே தெரிந்துவிடும்.

நிறப் பிரச்சினை இதைவிட ஆழமானது. கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிறக் கண்ணாடி இருக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்பங்கு சிவப்புக்கு, கால்பங்கு நீலத்துக்கு. லைட்காரர் மேடை முழுக்கச் சுத்த நீலத்தை ஊற்றும்போது முக்கால்வாசிப் புள்ளிகளுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. நீங்கள் வாங்கின 24 மெகாபிக்சல் அந்த நேரத்தில் ஆறு மெகாபிக்சல் அளவுக்குத்தான் உழைக்கிறது. அதோடு அந்த நீலப் புள்ளிகள் நிரம்பி வழிந்துவிடும். கேமராவின் மீட்டரோ பெரும்பாலும் பச்சையைக் கொண்டே வெளிச்சத்தை மதிப்பிடுவதால் "இருட்டாக இருக்கிறது, இன்னும் ஏற்று" என்று சொல்லும். ஏற்றினால் முகம் ஒரே நீலத் திட்டு, மூக்கும் இல்லை, கன்னமும் இல்லை. அதனால் சுத்த நிற வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப்பாவது, அதாவது பாதியாகவாவது, குறைத்து எடுங்கள். ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் அமைப்பை வைத்துக்கொண்டு, ரா ஃபைலாகவே (கேமரா திருத்தாத மூலப் பதிவாகவே) எடுங்கள்.

கையில் பூசும் சிவப்புச் சாயம் இருக்கிறதே, ஆடுபவரின் முத்திரை கடைசி வரிசைக்கும் தெரியவே விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் அதைப் பூசுகிறார்கள். சிவப்பு எல்இடி வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தோலோடு கலந்து மறைந்துவிடும். நீலத்தில் கறுப்பாகிவிடும். எதற்காகப் பூசினார்களோ அதற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. நடன ஆசிரியர்கள் லைட்காரரிடம் இதைச் சொல்லலாம்: பின்திரைக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் போடுங்கள், ஆடுபவர் மேல் முன்பக்கத்திலிருந்து விழுவது மட்டும் வெள்ளையாகவோ வெதுவெதுப்பான மஞ்சளாகவோ இருக்கட்டும். இது படத்துக்கு மட்டும் வைக்கும் வேண்டுகோள் இல்லை, அரங்கில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் சேர்த்துத்தான்.

இதே இடத்தில் எல்இடி வால் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாண மண்டபங்களில் தொடங்கி இப்போது சலங்கை பூஜை, அரங்கேற்றம் எல்லாவற்றிலும் ஆடுபவருக்குப் பின்னால் ஒரு பெரிய ஒளித்திரை நிற்கிறது. கோபுரம், நிலா, ஓடும் அருவி எல்லாம் அதில் வரும். அந்தத் திரையின் பிரகாசம் ஆடுபவரின் முகத்தைவிடச் சுலபமாகப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். முகத்துக்கு அளவு வைத்தால் திரை வெடித்து வெளுக்கும், திரைக்கு வைத்தால் ஆடுபவர் கறுப்பு நிழல். போதாக்குறைக்குத் திரையின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதி அலை அலையாகக் கோலம் போடும். வருடக்கணக்கில் பயின்ற ஒரு குழந்தை ஆடும்போது பார்ப்பவர் கண் பின்னால் ஓடும் அருவியில் போய் நிற்பது அநியாயம். திரையை இயக்குபவரிடம் பிரகாசத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொல்லுங்கள், கணினியில் ஒரு கோட்டை நகர்த்தும் வேலைதான் அது. அடர்ந்த நிறத்தில் அசையாத படம் ஒன்றை வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

எங்கே நிற்பது என்பது தனிக் கேள்வி. மேடையை ஒட்டி முன்னால் நின்றால் கிட்டத்தில் கிடைக்கும் என்று தோன்றும். நாலடி உயர மேடைக்குக் கீழிருந்து எடுத்தால் மேடை விளிம்பு பாதங்களை வெட்டும், தாடைக்கு அடிப்பக்கம்தான் தெரியும். அரைமண்டியில் முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து உண்டாகும் அந்த வடிவம் கீழிருந்து பார்த்தால் நசுங்கிப் போகிறது. ஆசிரியர் பல வருடம் "உட்காரு, உட்காரு" என்று சொல்லிச் சொல்லி வரவைத்த அரைமண்டி அது. எட்டுப் பத்து வரிசை பின்னால், நடுப்பாதையில், கேமரா ஆடுபவரின் இடுப்பு உயரத்துக்கு வரும்படி நின்றால் எல்லாம் நேராகும். பாதத்துக்குக் கீழே கொஞ்சம் தரையும் படத்தில் இருக்கட்டும். குழு நடனத்தில் மூன்று வரிசை இருந்தால், பன்னிரண்டு மீட்டர் தூரத்திலிருந்து 200 மில்லிமீட்டர் எஃப் 2.8-இல் எடுக்கும்போது கூர்மையாக இருக்கும் ஆழம் அறுபது சென்டிமீட்டர்தான். ஒரு வரிசைதான் தெளிவாக வரும். எந்த வரிசை என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், கேமராவிடம் விடாதீர்கள்.

திருவிழா இரவுகள் இன்னொரு உலகம். திருவிழாவைத் தொடங்கும் பூச்சாட்டு முடிந்து மாரியம்மன் கோயில் முன் கம்பம் என்ற மரத்தை நட்டபிறகு, ஈரோடு, கரூர் பக்கத்து ஊர்களில் இரவுதோறும் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். பறைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வெளிச்சம் இருக்கும் இடத்தில் இருக்கும், இல்லாத இடத்தில் இல்லவே இல்லை. தெருவிளக்கு சோடியம் வகை என்றால் எல்லாம் ஒரே ஆரஞ்சு மஞ்சள், எந்த வொயிட் பேலன்ஸும் அதைச் சரிசெய்யாது. அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவதே மேல். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பூவோடு எனும் தீச்சட்டி எடுத்து வரும்போது நெருப்பே விளக்காகிறது. அதன் நிறம் 1900 கெல்வின் அளவில், மெழுகுவர்த்திபோல் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பை முழுதாக நீக்கி வெள்ளையாக்கிவிட்டால் படம் செத்துவிடும், பாதி விட்டுவையுங்கள். சுவாலைக்கு அளவு வைத்தால் முகம் கிடைக்காது. முகத்துக்கு வைத்து, சுவாலை வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். இங்கே எடுப்பவருக்கு ஒரு கடமையும் உண்டு: அது வேண்டுதல், நிகழ்ச்சி இல்லை. வழியை மறித்து நிற்கக் கூடாது.

ஃப்ளாஷ் பற்றிப் பல வரி எழுத வேண்டியதில்லை. சட்டென்று கண்ணில் அடிக்கும் வெளிச்சத்தில், சுற்றி வரும் ஆட்டக்காரர் அடி தவறி விழலாம். அது ஒன்றே அதை அணைத்து வைக்கப் போதுமான காரணம்.

வீட்டுக்கு வந்தபின் நாய்ஸ் நீக்கும் வேலையில் இப்போது செயற்கை நுண்ணறிவு புகுந்திருக்கிறது. அடோபி லைட்ரூமில் 2023-இல் வந்த வசதியே வியக்க வைத்தது, 12800 ஐஎஸ்ஓ படத்தைக்கூடத் துடைத்துக் கொடுக்கிறது. அளவோடு வையுங்கள். முழு வலுவில் ஓட்டினால் பட்டின் ஜரிகை மெழுகாகிறது. தூரத்தில் நிற்கும் கும்மிப் பெண்களின் முகங்கள் ஒன்றுபோல் வழுவழுப்பாகின்றன, மங்கலாக இருந்த விரல்கள் எண்ணிக்கை தப்பி ஒட்டிக்கொள்கின்றன. முத்திரைதான் ஆட்டத்தின் பேச்சு என்னும்போது இல்லாத விரலைக் கருவி வரைந்து கொடுப்பதை ஏற்க முடியாது. பழைய ரா ஃபைல்களையும் அழித்துவிடாதீர்கள். பத்து வருடத்துக்கு முன் தேறாது என்று ஒதுக்கிய படங்கள் இன்றைய மென்பொருளில் நல்லபடியாகத் திரும்பி வருகின்றன.

குழந்தைகள் ஆடிய படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் பொதுவில் போட வேண்டாம். குழுவுக்குக் கொடுக்கும்போது எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தேதி, எந்தப் பாட்டு, சொல்லிக்கொடுத்த வாத்தியார் யார் என்பதை ஃபைலுக்குள்ளேயே எழுதிக் கொடுங்கள். கும்மிப் பாட்டில் பெரும்பகுதி வாய்வழியாகவே வந்தது. எந்த ஊரில் எந்தப் பாட்டுக்கு எந்த அடவு போட்டார்கள் என்பதற்கு இந்தப் படங்கள்தான் ஆதாரமாக இருக்கப் போகின்றன. பிரின்ட் போடுவதாக இருந்தால் ஃபோன் திரையில் தெரியும் அளவை நம்பாமல் அரை ஸ்டாப் ஏற்றி, முதலில் ஒரே ஒரு சிறிய பிரதி போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். மேடைப் படங்களின் கறுப்பு, காகிதத்தில் இன்னும் ஒரு படி இருண்டுதான் வரும்.